ஐந்துக்கு எத்தனை போடுவீங்க?

பயிற்றுப்பணிக்கு எங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களிடம் முதல் நாள் ஓய்வு நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன். “தொழில்நுட்பத்தை வச்சுப் பாடம் நடத்த நீங்க எவ்வளவு தயார்? ஐந்துக்கு எத்தனை போடுவீங்க?” பதிலை என் குறிப்பேட்டில் அவர்களே எழுத வேண்டும். மூன்றாவது வாரத்தில் மறுபடியும் கேட்பேன். கிளம்பும் நாளில் இன்னொரு முறை. அதே கேள்வி, அதே பக்கம்.

வழிகாட்டி ஆசிரியராகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குறிப்பேட்டைப் புரட்டினால் ஏறக்குறைய ஒரே வரிசைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நான்கு, இரண்டு, மூன்று. ஐந்து, ஒன்று, மூன்று. ஒரு தங்கை முதல் நாள் ஐந்து போட்டுவிட்டு, மூன்றாம் வாரம் சுழியம் எழுதி, பேனாவை மூடக்கூட இல்லாமல் அழுதுவிட்டார். முதல் நாள் எண் ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து கொண்டு வந்த எண். கடைசியில் வரும் அந்த மூன்றைத்தான் நான் நம்புகிறேன். ஏன் என்பதைப் பயிற்றுப்பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை வரவேற்கப்போகும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே இருக்கிறது. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். ரப்பர் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த பட்டணம். இப்போது பால்மரத்தைவிடச் செம்பனைதான் கண்ணுக்கு அதிகம் தெரிகிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிகளான தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் தோட்டத்து வேனில் இறங்கி வருகிறார்கள்.

பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம்முடைய பல தமிழ்ப்பள்ளிகளின் தொடக்கம் அதுதான். எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்துக்கு மின்சாரம் பின்னால் வந்து சேர்ந்தது. நான்காம் ஆண்டு வகுப்பில் பிளக் ஒன்றே ஒன்று, அதுவும் பின்சுவரில். வெண்பலகை முன்சுவரில். கூரை தகரம், மழை வந்தால் பேசுவதே கேட்காது. இத்தனையும் கழகத்தின் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு யாருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

முதலில் அந்தச் சுழியம் போட்ட தங்கையின் கதை. விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வரும் நாள். நான்காம் ஆண்டு, தமிழ்மொழி, இரண்டு பாடவேளை, ஒரு மணி நேரம். பீடிகைக்கு ஒரு காணொளி, அப்புறம் படக்காட்சி, நடுவில் கைப்பேசியில் புதிர்ப்போட்டி, கடைசியில் இணையத்தில் பயிற்சித்தாள். நாள் பாடத்திட்டம் பார்க்கவே அழகாக இருந்தது. முந்தின இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து செய்திருக்கிறார்.

அவருடைய மடிக்கணினி புதுசு, மெலிசானது. டைப்-சி துளை மட்டும்தான் உண்டு. திரையில் படம் காட்டும் எங்கள் எல்சிடி உருகாட்டி பழையது. நீல நிற விஜிஏ கம்பிதான் அதற்குப் பொருந்தும். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கணினியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் முதல் இரண்டு நிமிடம் அமைதியாகத்தான் இருந்தார்கள். அப்புறம் ஒருவன் எழுந்து மின்விசிறியைக் கூட்டினான். இன்னொருவன் திரையின் முன்னால் போய்க் கையால் நாய் நிழல் காட்டிப் பார்த்தான், வெளிச்சமே இல்லாத திரையில். நான் அலுவலகத்துக்கு ஓடி வேறொரு கணினியைக் கொண்டு வந்தேன். அதில் அவருடைய எழுத்துரு இல்லை. தலைப்பு முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. சரிசெய்து முடித்தபோது இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது. காணொளியைத் திறந்தார், இணைய லைன் இல்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் பாடத்தையே மறந்துவிட்டார். அன்றைய பாடத்தின் மரபுத்தொடர் ஐந்தும் அவருக்கு மனப்பாடம். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொடுத்தால் கதை சொல்லியே நடத்தக்கூடிய பிள்ளை. கருவி நின்றதும் அவரும் நின்றுவிட்டார். பாடம் முழுவதையும் கருவிக்குள் வைத்துவிட்டு, தனக்கென்று எதையும் வெளியே வைத்துக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு விதி எழுதினோம். அதை இன்றுவரை எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்: மூன்று நிமிடம். கருவி ஏதாவது ஓடவில்லை என்றால் மூன்று நிமிடம் பார்க்கலாம். நான்காவது நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட வேண்டும். திரும்பி என்ன செய்வது என்பதை நாள் பாடத்திட்டத்திலேயே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். “லைன் இல்லையென்றால் மரபுத்தொடர் அட்டைகள், குழு நடிப்பு” என்று ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால் கை நடுங்குவது பாதி குறைகிறது. இதை நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

என் பயிற்றுப்பணிக் காலம் 2009. அப்போது எங்களுக்கு இருந்த பயம் வேறு மாதிரி. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் கொள்கை 2003இல் வந்தபோது அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் உருகாட்டியும் கொடுத்தார்கள். நான் போன பள்ளியில் அந்த உருகாட்டி அலமாரிக்குள் பூட்டியிருந்தது. சாவி ஒருவரிடம். “கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது?” என்று கேட்டார். மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை அதைத் தொட்டேன். கழகத்தில் எழுத்துகள் பறந்து வருகிற மாதிரி படக்காட்சி செய்யக் கற்றிருந்தேன். பள்ளியில் மணிலா அட்டை வெட்டினேன். தயாராக இருக்கிறேனா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன எண் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் பள்ளியில் இன்று எந்த அலமாரிக்கும் சாவியை நான் வைத்துக்கொள்வதில்லை. பயிற்சி ஆசிரியர் வந்த முதல் நாளே உருகாட்டி, ஒலிபெருக்கி, நீளக்கம்பி எல்லாம் இருக்கும் இடத்தைக் காட்டிவிடுவேன். கெட்டுப்போனால் நான் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்வேன். அதைச் சொல்லாவிட்டால் தொடவே மாட்டார்கள்.

அப்புறம் 2012 வாக்கில் ஃபுரோக் என்ற மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. அதற்குப் பயிற்சி, பட்டறை, எல்லாம் நடந்தன. 2019இல் அது போய் கூகல் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா என்ற கற்றல் தளம். புதிர்ப்போட்டிக்கு எல்லாரும் பயன்படுத்திய குவிசிஸுக்குக்கூட 2025இல் பெயர் மாறிவிட்டது. இன்று முதலாம் ஆண்டில் கழகத்தில் சேரும் ஒருவர் பள்ளிக்கு வரும்போது அவர் கற்ற செயலி இருக்குமா என்று சொல்ல முடியாது. அதனால்தான் “எனக்குப் பத்துச் செயலி தெரியும்” என்று யாராவது சொன்னால் நான் பெரிதாக மகிழ்வதில்லை. “இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு எது கஷ்டம், அந்த இடத்துக்கு எது உதவும்?” என்று கேட்பேன். 2006இல் மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் ஒரு படமாக வரைந்து காட்டினார்கள். பாட அறிவு ஒரு வட்டம், கற்பிக்கும் அறிவு ஒரு வட்டம், தொழில்நுட்ப அறிவு ஒரு வட்டம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நடு இடம்தான் ஆசிரியருக்கு வேண்டியது. கழகத்தில் இதைத் தேர்வுக்குப் படித்திருப்பார்கள். மூன்றுக்கும் வெளியே ‘சூழல்’ என்றும் அதில் ஒன்று உண்டு. அந்தப் பின்சுவர்ப் பிளக் அந்தச் சூழலில்தான் வருகிறது.

சூழல் என்றால் கைப்பேசியும்தான். கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும்போது மாணவர்களாக உட்காருவது சக பயிற்சி ஆசிரியர்கள். எல்லார் கையிலும் கைப்பேசி. புதிர் போட்டால் பத்து விநாடியில் இருபது பேர் உள்ளே வந்துவிடுவார்கள். நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக்கூடாது. இது ஒவ்வொரு பயிற்சி ஆசிரியருக்கும் தெரியும், ஏனென்றால் அவர்களும் அப்படித்தான் படித்தார்கள். ஆனாலும் திட்டம் எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

ஒரு தம்பி இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார். பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை மட்டும் இருக்கும். கறுப்புக் கட்டங்கள் போட்ட அட்டை. எந்தப் பக்கத்தை மேலே தூக்குகிறார்கள் என்பதுதான் விடை. ஆசிரியர் தன் கைப்பேசியை வகுப்பின் மீது ஒரு சுற்றுக் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். ஒரே கைப்பேசி, அதன் லைனே போதும். அட்டையில் எழுத்துகள் சின்னதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்குவதும் குறைவு. பின்னப் பாடத்தில் அதைச் செய்தபோது, ஏழு பிள்ளைகள் மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரியது என்று நினைத்திருந்தது தெரியவந்தது. கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் அந்த ஏழு பேரும் முன்வரிசையைப் பார்த்துத் தூக்கியிருப்பார்கள். அவர் அங்கேயே அடுத்த நடவடிக்கையை விட்டுவிட்டு, தாளை மடித்துக் கிழித்து மறுபடி விளக்கினார். அன்று அவர் குறிப்பேட்டில் தானாக வந்து, இரண்டை அடித்துவிட்டு மூன்று போட்டார்.

டெலிமா அடையாளக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் கணக்கு எம் என்ற எழுத்தில் தொடங்கி, ஒரு சிறுகோடு, அப்புறம் நீண்ட எண், அப்புறம் முகவரியின் மீதி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அதை ஒரு விரலால் தட்டி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் ஐந்து பேராவது இருப்பார்கள். கணினி அறைக்குப் போகும் முதல் பாடத்தில் வேறு எதையும் திட்டமிடாதீர்கள். உள்ளே நுழைவது மட்டும்தான் அன்றைய பாடம். கணக்கையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஆளுக்கு ஓர் அட்டை கொடுங்கள். பாடம் முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்துவிடுங்கள்.

இனி தமிழ் எழுத்து. இது தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கே உரிய சிக்கல், வேறு யாரும் நமக்காகச் சொல்லித் தரப்போவதில்லை. நம் பள்ளிக் கணினிகளில் பழைய கேள்வித்தாள்கள் நிறைய இருக்கின்றன. பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டியவை அவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு தங்கை அதைப் பார்த்துவிட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று நீக்கப் போனார். நல்ல வேளை, தடுத்தேன். எந்த எழுத்துருவில் தட்டியது என்று கண்டுபிடித்துவிட்டால் மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றெழுத்தையும் கொம்பையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழ் தட்டச் செல்லினம் என்ற செயலியும் தந்தார். தமிழைக் கணினிக்குள் கொண்டு போவதில் மலேசியர்களுக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்கும்போது, தமிழ் தட்டத் தெரியாமல் கைப்பேசிக்குப் பேசிக் காட்டி, அது எழுதியதை அப்படியே ஒட்டும் பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அஞ்சல் விசைமுகமோ தமிழ்99 விசைமுகமோ, ஏதாவது ஒன்றில் பார்க்காமல் தட்டப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தினமும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் வந்துவிடும். பள்ளிக்கு எடுத்துப் போகும் எதையும் பிடிஎஃபாக மாற்றி, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ‘கொ’வும் ‘கோ’வும் சரியாக நின்றால் மற்றவையும் நிற்கும்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. இப்போது வரும் தம்பி தங்கைகள் நாள் பாடத்திட்டத்தையும் வாசிப்புப் பனுவலையும் படத்தையும் அதனிடம் கேட்டு வாங்குகிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஆண்டு, வாக்கியம் அமைத்தல். ‘அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார்’ என்ற வாக்கியத்துக்குப் படம் கேட்டிருக்கிறார் ஒரு தங்கை. வந்த படத்தில் ரோஜாப் பூக்கள், வெள்ளை வேலி, வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். திரையில் போட்டதும் வகுப்பு ஒரு கணம் அமைதியானது. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “டீச்சர், இது தோட்டம் இல்ல டீச்சர். எங்கப்பா காலையில விளக்கு மாட்டிட்டுப் போவாரு.”

நெற்றியில் விளக்குக் கட்டி விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிற அப்பாவைச் சொல்கிறாள். தோட்டம் என்றால் நமக்கு எஸ்டேட். கடலுக்கு அந்தப் பக்கம் அது வீட்டுப் பின்னால் இருக்கும் பூச்செடி. இந்த வித்தியாசம் கருவிக்குத் தெரியாது; கேட்கும் நாம்தான் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தத் தங்கையும் தோட்டத்துப் பிள்ளைதான், அவருடைய பாட்டி பால் வெட்டியவர். படத்தைச் சேர்க்கும்போது அவருக்கே ஏதோ இடித்திருக்கிறது, நேரம் இல்லாததால் விட்டுவிட்டாராம். மறுநாள் அவர் படமே காட்டவில்லை. அந்தச் சிறுமியை முன்னால் அழைத்து அப்பாவின் காலைப் பொழுதைச் சொல்லச் சொன்னார். வாளி, உளி, விளக்கு, கொசுவத்தி, தெர்மாஸில் காப்பி. பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் கணினியில் தட்ட, அவர்களுடைய வாக்கியங்கள் திரையில் ஒவ்வொன்றாக ஏறின. அன்றைக்கு எழுதிய வாக்கியங்களில் ஒன்று: ‘அப்பா இருட்டில் போய் வெளிச்சத்தில் வருவார்.’ அதே உருகாட்டி, அதே கணினிதான். செயற்கை நுண்ணறிவு எதையும் தரட்டும். சொல் நம்முடையதா, படத்தில் இருப்பது பிள்ளைக்குத் தெரிந்த உலகமா, ணகர னகரமும் ரகர றகரமும் சரியா என்று பார்க்காமல் வகுப்புக்குள் விடாதீர்கள்.

2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் ஒரே நாளில் பயிற்சி ஆசிரியர்களாகிவிட்டோம். அந்த ஆண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. என் வகுப்பில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான். இரவு பத்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) வீட்டுப்பாடப் படங்கள் வந்து விழும். மங்கலாக, பாதிப் பக்கம் வெட்டுப்பட்டு, ஓரத்தில் தம்பியின் கால் தெரியும். அந்த வீட்டுக்கு நேரலை வகுப்பு எந்த உதவியும் செய்யவில்லை. நான் பாடத்தை இரண்டு நிமிடக் குரல் பதிவாகப் பேசி அனுப்பத் தொடங்கினேன். குரல் பதிவுக்குத் தரவு அதிகம் செலவாகாது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், திரும்பத் திரும்பவும் கேட்கலாம். அந்த ஆண்டு நான் கற்ற பெரிய பாடம் அந்தக் குரல் பதிவுதான்.

அதை இன்றும் கையில் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு தங்கைக்கும் அதைத்தான் முதலில் கொடுத்தேன். முதல் நாள் அவர் குறிப்பேட்டில் போட்டது ஒன்று. மற்றவர்களைப் போலத் தனக்குச் செயலிகள் தெரியாது என்று மிகவும் கூசினார். “சரி, உங்க கைப்பேசியில குரல் பதிவு இருக்குல்ல? அது போதும், ஆரம்பிங்க” என்றேன்.

வாசிப்பில் தடுமாறும் ஒரு பையன். ழகரம் அவனுக்கு வராது. ‘வாளைப்பளம்’ என்பான். எத்தனை முறை திருத்தினாலும் தான் சொல்வது சரி என்றே அவனுக்குக் கேட்கும். வகுப்புக்கு வெளியே, தூணுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்து அவன் வாசிப்பதைப் பதிவு செய்தார் தங்கை. அப்புறம் அவனிடமே போட்டுக் காட்டினார். தன் குரலை அவன் முதல் முறை கேட்டபோது கையால் வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது முறை காதைக் கைப்பேசிக்கு ஒட்டி வைத்தான். “டீச்சர், நான் ‘ள’ன்னு சொல்றேன்” என்றான். அதை அவனே கண்டுபிடித்தான். நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று தங்கை காட்டினார். “இன்னொரு தடவ டீச்சர்.” மறுபடி பதிவு. “இன்னொரு தடவ.” ஏழாவது பதிவில் ஒரே ஒரு ‘ழ’ சரியாக விழுந்தது. அதை மட்டும் அவன் நான்கு தடவை போட்டுக் கேட்டான்.

வாரத்துக்கு இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம், அதே கருவி, அதே முறை. பயிற்றுப்பணி முடியும் வரை அந்தத் தங்கை வேறு எதையும் பெரிதாகத் தொடவில்லை. தானே செய்து, அது பலித்ததைக் கண்ணால் பார்ப்பதுதான் ஒருவருக்குத் தன் மீது நம்பிக்கை வருவதற்கு மிகப் பெரிய காரணம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இலேயே எழுதினார். பட்டறையில் உட்கார்ந்து கேட்பது அதற்கு ஈடாகாது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: ஒரே கருவியை ஒரே வகுப்பில் குறைந்தது மூன்று முறை பயன்படுத்திய பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். முதல் முறை கருவியோடு போராட்டம். இரண்டாவது முறை பிள்ளைகளுக்குப் பழகிவிடும். மூன்றாவது முறைதான் பாடம் நடக்கும். மேற்பார்வை நாளுக்கென்று புதிய செயலி ஒன்றை முதன்முதலாக இறக்குவதைப் போல ஆபத்து வேறு இல்லை.

பதிவு என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையனின் குரல் அவனுக்கும் ஆசிரியருக்கும் உரியது. வாரக் கடைசியில் அவன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு அழித்துவிட்டோம். இப்போது வகுப்பில் எடுத்த காணொளியைப் பிள்ளைகளின் முகம் தெரியும்படி டிக்டாக்கில் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், தெரியும். தப்பாக வாசித்து முழிக்கும் ஒரு பிள்ளையின் முகம் ஊர் முழுக்கச் சுற்றினால், அந்தப் பிள்ளை இனி வாய் திறக்காது. பெற்றோரின் அனுமதியும் பள்ளியின் அனுமதியும் இல்லாமல் எதையும் பொதுவில் போடாதீர்கள். தவறு செய்யும் பிள்ளையை, அனுமதி இருந்தாலும் போடாதீர்கள்.

சக வழிகாட்டி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பயிற்சி ஆசிரியர் வந்ததும் “நீங்கதான் இளசு, கணினி எல்லாம் உங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிப் பள்ளியின் இணைய வேலை அத்தனையையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். அவர்களுக்குக் கைப்பேசி தெரியும், காணொளி வெட்டத் தெரியும். அதை வைத்து முப்பது பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பதை யாரும் செய்து காட்டி அவர்கள் பார்த்ததில்லை. நாம் நடத்தும்போது பின்வரிசையில் உட்காரவையுங்கள். நம்முடைய லைனும் அறுந்து போகட்டும்; அப்போது நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்கட்டும். போன ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மழை அடித்து ஒலிபெருக்கி கேட்காமல் போனது. காணொளியின் ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டு, என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி அதைத் தன் சிந்தனை மீட்சிக் குறிப்பில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

சுழியம் போட்ட தங்கை இப்போது ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் இருக்கிறார். குறைந்த மாணவர் பள்ளி, ஐந்தாம் ஆண்டையும் ஆறாம் ஆண்டையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறார். சென்ற மாதம் புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மேசை மேல் டைப்-சியை விஜிஏவாக மாற்றும் இணைப்பி, நீளக்கம்பி, மரபுத்தொடர் அட்டைக் கட்டு, பக்கத்திலேயே சுண்ணாம்புக் கட்டி ஒரு பெட்டி. கீழே ஒரே வரி: “மூணு டீச்சர், மூணரைன்னு போடலாமா?”

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேர் வருகிறார்கள். நான்காம் ஆண்டு வகுப்பின் பிளக்கை நேற்றுச் சோதித்துப் பார்த்தேன், வேலை செய்கிறது. குறிப்பேட்டில் புதிய பக்கத்துக்குத் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.